மார்கழித் தூண்டிலை ஆட்டாதீர்கள்

மார்கழி பிறந்துவிட்டால் கண்மாய்க் கரையில் கேட்கிற பேச்சு ஒன்றுதான்: "மீனு அடிக்கவே மாட்டேங்குது." தண்ணீர் நிறையக் கிடக்கிறது, மீனும் கிடக்கிறது. ஆனால் ஐப்பசியில் பாய்ந்து வந்து கவ்விய விரால், இப்போது தவளை லூர், அதாவது தவளை வடிவப் போலி இரை, மூக்குக்கு முன்னால் போனாலும் சும்மா கிடக்கிறது. இதற்கு நான் கடைப்பிடிக்கிற வழி ஒன்று உண்டு. இரையை நிறுத்திவிடுவது. சுற்ற வேண்டாம், சுண்ட வேண்டாம், இழுக்க வேண்டாம். மீன் எந்த ஆழத்தில் கிடக்கிறதோ அந்த ஆழத்துக்கு இரையைக் கொண்டுபோய் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும்.

காரணம் எளிது. மீனுக்கென்று தனியாக உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் என்ன சூடோ அதுதான் அதன் சூடு. மதுரையில் மார்கழி விடியலில் குளிர் 20 டிகிரியை ஒட்டி வந்துவிடும். இரவெல்லாம் ஆறிய தண்ணீரில் மீனுக்குச் செரிமானம் மந்தமாகிறது, பசி குறைகிறது. அந்த நேரத்தில் பத்தடி துரத்திப் போய்ப் பிடிக்க அதற்கு மனம் வராது. பக்கத்தில் கிடப்பதை மட்டும் மெல்ல உறிஞ்சிக்கொள்ளும்.

நம் ஊர்க் குளிர் ஒரு குளிரே இல்லை என்கிற அளவுக்குக் குளிர்கிற ஊர்களில்தான் இந்த முறையைச் செதுக்கினார்கள். அங்கே இதை டெட்ஸ்டிக்கிங் என்பார்கள். இது ஒரே ஆள் ஒரே நாளில் கண்டுபிடித்ததல்ல, பல ஏரிகளில் பலவிதமாக வளர்ந்தது. அமெரிக்காவின் தெற்குப் பகுதி நீர்த்தேக்கங்களில் த்ரெட்ஃபின் ஷாட் என்று ஒரு சின்ன மீன் உண்டு, நம் மத்திக்குச் சொந்தம். அதற்குக் குளிர் ஆகாது. தண்ணீர் 5, 6 டிகிரிக்கு இறங்கினால் கூட்டம் கூட்டமாகச் சாகும். சாகிற ஷாட் துள்ளாது, ஓடாது. நடுத்தண்ணீரில் அப்படியே நிற்கும், லேசாக நடுங்கும், மெதுவாக இறங்கும். பாஸ் என்கிற வேட்டை மீன்கள் கீழே காத்திருந்து, கஷ்டமில்லாமல் கிடைக்கிற அந்தத் தீனியைத் தின்று குளிர்காலத்தைக் கடத்துகின்றன. அசையாத லூர் பார்வைக்கு அந்தச் சாகிற ஷாட்தான். பாஸ் ஏமாறுவது அதனால்தான்.

அங்கே டென்னசி மாநிலத்தின் கிழக்குப் பக்கம் இதற்காகவே ஒரு தூண்டில் கட்டு உருவானது: ஃப்ளோட் அண்ட் ஃப்ளை. இரண்டு கிராம்கூட எடை வராத ஒரு ஈயத்தலைத் தூண்டில் முள், அதில் மெல்லிய முடியோ இறகோ கட்டியிருக்கும். அதை எட்டு முதல் பதினான்கு அடி ஆழத்தில் தொங்கவிட்டு மேலே தக்கை. தண்ணீரின் அலை தக்கையைத் தூக்கி இறக்கும்போது கீழே அந்த முடி மட்டும் நடுங்கும். டென்னசி, கென்டக்கி எல்லையில் இருக்கிற டேல் ஹாலோ ஏரியில் இந்த முறைக்குப் பெரிய பேர். 1955-இல் 5.4 கிலோ எடையுள்ள ஸ்மால்மவுத் என்கிற பாஸ் வகை பிடிபட்டு உலக சாதனையானதும் அந்த ஏரியில்தான், அது கோடையில் வேறு முறையில் பிடித்தது. இன்னும் வடக்கே மினசோட்டாவில் உறைந்த ஏரியில் துளை போட்டுப் பிடிப்பவர்களுக்குப் பனிக்காலத்தில் இரண்டு தூண்டில் அனுமதி உண்டு. ஒன்றைக் கையில் வைத்து ஆட்டுவார்கள், இன்னொன்றில் உயிர்மீனைக் கோத்துப் பக்கத்துத் துளையில் விட்டுவைப்பார்கள். ஆட்டுகிற தூண்டில் மீனை அழைத்துவரும், சும்மா கிடக்கிற தூண்டில் பிடிக்கும்.

அமெரிக்காவின் ஓசார்க் மலைப்பக்கத்து ஏரிக்காரர்கள் செய்த வேலைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. அவர்களிடம் இருந்த மீன்வடிவ லூர் நிறுத்தினால் மேலே மிதந்துவிடும். அதனால் லூரில் துளைபோட்டு ஈயம் சேர்த்தார்கள், அல்லது முள்ளின் தண்டில் ஈயக் கம்பி சுற்றினார்கள். அதற்குப்பிறகு லூர் மிதக்காமலும் மூழ்காமலும் விட்ட இடத்தில் நின்றது. இன்று கடையிலும் இணையத்திலும் விற்கிற 'சஸ்பெண்டிங்' லூர்கள் எல்லாம் அந்த வேலையின் வாரிசுகள்.

நீங்கள் அப்படி ஒரு லூர் வாங்கினால் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. பெட்டியில் எழுதியிருப்பதை அப்படியே நம்பாதீர்கள். குளிர்ந்த தண்ணீர் கனம் கூடியது, வெதுவெதுப்பான தண்ணீர் கனம் குறைந்தது. அங்கே ஐந்து, பத்து டிகிரித் தண்ணீரில் அசையாமல் நிற்கிற லூர், நம் கண்மாய்த் தண்ணீரில் மெல்ல மூழ்கும். அதனால் மிதக்கிற வகையை வாங்கி, கரையிலேயே சரிசெய்வது நல்லது. ஒரு வாளியில் அந்தக் கண்மாய்த் தண்ணீரையே விடியற்காலையில் மொண்டுகொள்ளுங்கள். டிவி ரிப்பேர் கடையில் கிடைக்கிற சால்டரிங் ஈயக் கம்பியை முன் முள்ளின் தண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி வாளியில் விடுங்கள். மேலே வந்தால் இன்னொரு சுற்று. கீழே போனால் நகவெட்டியால் கொஞ்சம் நறுக்குங்கள். கையால் அமுக்கி விட்டால் அமுக்கிய ஆழத்திலேயே நிற்க வேண்டும், தலை மட்டும் லேசாகத் தாழ்ந்திருக்க வேண்டும். அதுதான் சரியான கனம். இந்தப் பத்து நிமிட வேலையைச் சோம்பல்பட்டு விட்டால் மற்றதெல்லாம் வீண்.

சரி, லூர் வேண்டாம், புழுவும் மாவும் போதும் என்பவர்களுக்கு வருகிறேன். தக்கைத் தூண்டிலில் நம் ஊர்ப் பெரியவர்கள் காலங்காலமாகச் செய்ததும் இதுவேதான். எனக்குக் கற்றுக்கொடுத்த சின்ன மாமா நிலையூர்க் கண்மாய் மடையை விட்டு நகர மாட்டார். "ஏன் மாமா, சும்மா போட்டு வச்சா மீனு வருமா?" என்று கேட்டால், "ஆழம் சரியா இருந்தா வரும் மாப்ள. நீ மொதல்ல ஆழத்தப் பாரு" என்பார். அவர் சொன்ன ஆழம் பார்க்கிற முறை இது: முள்ளில் ஒரு கனமான ஈயக்குண்டைத் தற்காலிகமாக மாட்டி, போட நினைத்திருக்கிற இடத்தில் போடுங்கள். தக்கை முழுகிப் போனால் தண்ணீர் இன்னும் ஆழம். தக்கையைத் தூண்டில் நரம்பில் மேலே தள்ளுங்கள். தக்கை படுத்துக் கிடந்தால் நரம்பு அதிகம், கீழே இறக்குங்கள். நுனி மட்டும் நிமிர்ந்து தெரிகிற இடம்தான் தரை ஆழம். அந்த இடத்தில் நரம்பில் ஒரு நூல்முடிச்சு போட்டு வைத்தால் மறுபடி அளக்க வேண்டியதில்லை.

மிர்கால், கெளுத்தி இரண்டும் தரைமீன்கள், அவற்றுக்கு இரை தரையைத் தொட வேண்டும். ரோகு நடுத்தண்ணீர் மீன் என்றாலும், குளிர் விடியலில் அதற்குத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் வைத்துப் பார்ப்பேன். கட்லா மேல்மட்டத்தில் மேய்கிற மீன், வெயில் ஏறும்வரை அதை மறந்துவிடலாம்.

தக்கைக்கு மயிலிறகுத் தண்டோ மெல்லிய நெட்டியோ போதும். கடையில் விற்கிற பெரிய பிளாஸ்டிக் உருண்டை வேண்டவே வேண்டாம். மந்தமான மீன் இரையை மெல்ல உறிஞ்சும். தக்கை எதிர்த்து இழுத்தால் உடனே துப்பிவிடும். ஈயத்தைக் கூட்டிக் கூட்டி, தக்கையின் நுனி தீக்குச்சி மருந்து அளவுக்கு மட்டும் வெளியே தெரியும்படி வையுங்கள். கடைசிச் சின்ன ஈயத்தை முள்ளுக்கு நாலு விரல் மேலே நரம்பில் அழுத்திப் பொருத்திவிட்டு, அது தரையில் உட்காருகிற மாதிரி ஆழத்தை வைத்தால் ஒரு வசதி உண்டு. மிர்கால் இரையை வாயில் எடுத்துத் தலையைத் தூக்கும்போது அந்த ஈயமும் தூக்கப்படும். தக்கை கீழே போவதற்குப் பதிலாக மேலே எழும்பிப் படுத்துக்கொள்ளும். புதிதாக வருகிறவர்கள் தக்கை முழுகட்டும் என்று காத்திருந்து இந்தக் கடியை விட்டுவிடுகிறார்கள். தக்கை எழும்பினாலே தூக்குங்கள், வெடுக்கென்று வேண்டாம், மணிக்கட்டு திரும்பினால் போதும்.

இரையைச் சின்னதாக்குங்கள். முழு மண்புழு வேண்டாம், பாதி போதும். மாவு என்றால் மைதாவோடு கொஞ்சம் கடலைப் புண்ணாக்கு சேர்த்து, தண்ணீரில் பத்து நிமிடம் கரையாத பதத்துக்கு இறுக்கமாகப் பிசைந்து சுண்டைக்காய் அளவு உருட்டுங்கள். தவிடு தூவுகிற பழக்கம் இருந்தால் ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள். குறைவாகத் தின்கிற மீனுக்கு நாமே வயிற்றை நிரப்பிவிட்டால் தூண்டிலுக்கு மிச்சம் இருக்காது.

இடத்துக்கும் நேரத்துக்கும் வருவோம். விடியலில் மடைப்பக்கத்துப் பள்ளம்தான் நல்ல இடம். ஒன்பது மணிக்கு மேல் மீன் ஓரத்துக்கு நகரும். கிழக்குக் கரையில் மரம் இருந்தால் அங்கே நிழல் விலக நேரமாகும், மேற்கு ஓரத்தின் ஆழமில்லாத தண்ணீர் முதலில் சூடேறும். அங்கே மாறிவிடுங்கள். வாடைக் காற்றையும் பாருங்கள். தரையில் வைக்கிற இரைக்குக் காற்று படாத ஒதுக்கம் வேண்டும், இல்லையென்றால் தக்கை நகர்ந்து இரையை இழுத்துப் போகும். தொங்கவிடுகிற லூருக்கு நேர்மாறாக, சின்ன அலை அடிக்கிற பக்கம் வேண்டும். அந்த நடுக்கத்தை நம் கையால் கொடுக்க முடியாது, வாடை கொடுக்கும். வைகை அணை மாதிரி விரிந்த நீர்ப்பரப்பில் இதைச் செய்துபார்க்க நல்ல வாய்ப்பு.

விரால் காற்றைச் சுவாசிக்கிற மீன் என்பதால் மேலே வந்துதான் ஆக வேண்டும். ஆகாயத்தாமரை ஓரத்தில் 'பொளக்' என்று ஒரு சுழி விழுந்தால் அதன் மேலேயே போடாதீர்கள். நாலடி தள்ளிப் போட்டு, தவளை லூரை மெல்ல இலை விளிம்புக்குக் கொண்டுவந்து விட்டுவிடுங்கள். அலைவட்டம் அடங்கட்டும். அடங்கிய பிறகும் ஒரு நிமிடம். நரம்பு தளர்வாகவே கிடக்கட்டும். அடித்ததும் தூக்காமல், நரம்பு ஓடத் தொடங்கியபின் இழுங்கள்.

மழைக்காலம் முடிந்த கையோடு சிவப்புக் குஞ்சுக் கூட்டம் நீர்மட்டத்தில் கொப்பளிக்கிறதைப் பார்த்தால் தயவுசெய்து அந்த இடத்தை விட்டுவிடுங்கள். கீழே தாய்விரால் காவல் நிற்கும். அதைப் பிடித்துவிட்டால் அத்தனை குஞ்சும் கெண்டைக்கும் கொக்குக்கும் போய்விடும். அப்புறம், பெரும்பாலான கண்மாய்களில் மீன்பாசி, அதாவது மீன்பிடி உரிமை, ஏலம் விட்டிருப்பார்கள். குத்தகைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டே தூண்டில் போடுங்கள். அணை என்றால் அங்குள்ள மீன்துறை அலுவலகத்தில் கேளுங்கள்.

மாசி பாதியில் வெயில் ஏறிவிடும், மீன் மறுபடி துரத்தத் தொடங்கும். அப்போது லூரைப் பழையபடி ஓட்டலாம். முள்ளில் சுற்றிய ஈயக் கம்பியை மட்டும் அதற்கு முன்னால் கழற்றிவிடுங்கள், சூடான தண்ணீரில் அந்தக் கனம் லூரைச் சேற்றில் கொண்டுபோய் உட்காரவைத்துவிடும்.