சரிவில் ஒரு சின்ன வீடு: ஜேசிபியைக் கூப்பிடும் முன்

போடிமெட்டு தாண்டிக் கேரளத்து இடுக்கியில் பூப்பாறை, சூரியநெல்லி பக்கம் வார இறுதி வீட்டுக்காக நாலைந்து சென்ட் வாங்கும் நம் ஆட்கள் முதல் வேலையாக ஜேசிபியைக் கூப்பிட்டு மலையைத் தட்டையாக்குவார்கள். நானும் அதைத்தான் செய்தேன். வெட்டின மேட்டை அணைத்து எட்டடிக் கல்சுவர். தண்ணீர் வடிய ஒரு துளைகூட விடவில்லை. முதல் ஆடி மழையிலேயே சுவர் வயிறு தள்ளிவிட்டது.

1. மழையில் போய் நில்லுங்கள். ஜூலையில் ஒரு நாள் குடையோடு போனால் தண்ணீர் எந்த வழியாக இறங்குகிறது, எங்கே கசிகிறது என்று தெரிந்துவிடும். அந்த வழியில் வீடு கூடாது. மரங்கள் அடியில் வளைந்தோ, வேலிக்கல் சாய்ந்தோ இருந்தால் மண் நகர்கிறது. மனைக்கு மேலேயும் ஏறிப் பாருங்கள். 2020 ஆகஸ்டில் மூணாறு பக்கம் பெட்டிமுடியில் 70 பேரைக் கொண்டுபோன மண், தோட்டத் தொழிலாளர் லயங்களுக்கு வெகு தூரம் மேலே இருந்துதான் கிளம்பி வந்தது.

2. சரிவை அளந்து பாருங்கள். கொத்தனாரின் டியூப் மட்டமும் (தண்ணீர் நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய்) டேப்பும் போதும். என் மனையில் 40 அடிக்கு 10 அடி இறக்கம், அதாவது நாலுக்கு ஒன்று. ஒரே உயரம் வரும் இடங்களில் முளை அடித்துக் கயிறு கட்டினால் மலையின் வளைவு கண்ணுக்குத் தெரியும்.

3. கயிற்றோடு படுக்கட்டும் வீடு. சரிவின் குறுக்கே நீளமாக, பத்தடி அகலத்தில் இரண்டு பட்டைகள் போடுங்கள். மேல் பட்டையில் படுக்கையறை, கீழ்ப் பட்டையில் கூடமும் சமையலும். நாலுக்கு ஒன்று சரிவில் இரண்டு தளத்துக்கும் வித்தியாசம் இரண்டரை அடி, அதாவது அரையடி உயரத்தில் ஐந்து படி. ஒவ்வொரு பட்டைக்கும் மேட்டுப் பக்கம் ஒன்றேகால் அடி வெட்டு, பள்ளத்துப் பக்கம் ஒன்றேகால் அடி அஸ்திவார உயர்வு. அவ்வளவுதான் மண்வேலை. திருவனந்தபுரத்தில் கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் தமக்குக் கட்டிக்கொண்ட ஹாம்லெட் வீடும் பாறைச் சரிவில்தான் இருக்கிறது.

4. அஸ்திவாரம். கொட்டின மண்ணில் ஒருபோதும் வேண்டாம், அசல் மண் வரை தோண்டுங்கள். பக்கச் சுவர்களின் அடி சரிவோடு படிப்படியாக இறங்கட்டும், ஆனால் ஒவ்வொரு படியின் அடியும் மட்டமாக இருக்க வேண்டும்.

5. தண்ணீருக்கு வழி. மேட்டுப் பக்கம் வீட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வெட்டி, இரண்டு பக்கமும் ஓடைக்குத் திருப்புங்கள். அணைசுவர் தேவைப்பட்டால் பின்னால் சல்லி நிரப்பி, ஐந்தாறு அடிக்கு ஒரு துளை விடுங்கள். கொத்தனார் “வேண்டாம் சார், அழகு போயிரும்” என்பார். கேட்காதீர்கள்.

பட்டாவையும் பாருங்கள். இடுக்கியில் பல பட்டாக்கள் கேரள அரசின் 1964 நில ஒதுக்கீட்டு விதிப்படி விவசாயத்துக்கும் குடியிருப்புக்கும் கொடுத்தவை. சொந்த வீடு வேறு, வாடகைக்கு விடும் ரிசார்ட் வேறு.

6. மேட்டுச் சுவரை மண்ணோடு ஒட்டாதீர்கள். இரண்டடி இடைவெளி விட்டு, சுவரின் மேலே காற்றுத் துவாரம் வையுங்கள். வாரத்தில் ஐந்து நாள் பூட்டிக் கிடக்கிற வீடு இது. எங்கள் இலவம்பஞ்சு மெத்தை இரண்டும் பூஞ்சை பிடித்துப் போனது இந்த இரண்டடியை மிச்சம் பிடித்ததால்தான்.