தோட்டத்தை விமர்சிப்பவர்கள் சறுக்கும் இடங்கள்

படம் சரியில்லை என்றால் இடைவேளையிலேயே எழுத ஆரம்பித்துவிடுகிறோம். நாவலையும் விட்டுவைப்பதில்லை. தோட்டம் என்று வந்தால் மட்டும் "கண்ணுக்குக் குளிர்ச்சி, மனதுக்கு இதம்" என்று இரண்டு வரியில் முடித்துக்கொள்கிறோம். ஒருவர் குனிந்து நிமிர்ந்து வளர்த்ததைக் குறை சொல்ல வாய் வருவதில்லை. அவருடைய சொந்தக் கொல்லைப்புறம் என்றால் அந்தத் தயக்கம் நியாயம்தான். அங்கே விமர்சகருக்கு வேலையே இல்லை. ஆனால் டிக்கெட் கொடுத்து உள்ளே விடும் தோட்டமும், வடிவமைப்பாளர் தன் பெயர் போட்டுக் காட்டும் தோட்டமும் பொதுவில் வைக்கப்பட்ட படைப்புகள். அவற்றையும் புகழ்ந்து மட்டுமே எழுதினால், எது நல்ல தோட்டம், எது சுமார் என்று படிப்பவருக்குத் தெரிய வழியே இல்லை.

அடுத்த தவறு இதைவிடப் பெரியது: ஒரே ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டுத் தீர்ப்பு எழுதுவது. இங்கிலாந்தின் சிஸ்ஸிங்ஹர்ஸ்டில் எழுத்தாளர் வீட்டா சாக்வில்-வெஸ்ட் உருவாக்கிய வெள்ளைத் தோட்டம் இருக்கிறது. அதன் நடுப்பந்தலில் படர்ந்த ரோஜா ஜூலை தொடக்கத்தில் பூத்து, சில வாரங்களில் ஓய்ந்துவிடும். எல்லோருக்கும் தெரிந்த புகைப்படம் அந்தச் சில வாரங்களில் எடுத்தது. செப்டம்பரில் போய்விட்டு "ஏமாற்றம்" என்று எழுதுபவர், எந்த மாதம் போனோம் என்பதையாவது சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜூலையில் போய் மயங்கியவருக்கும் இதே விதிதான். மீதிப் பதினோரு மாதம் அந்த இடம் எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்று அவரும் கேட்க வேண்டாமா?

காய்ந்த தண்டைப் பார்த்ததும் "பராமரிப்பு இல்லை" என்று எழுதுவதும் இதே வகைதான். நியூயார்க்கில் பழைய சரக்கு ரயில் மேம்பாலத்தைப் பூங்காவாக்கிய ஹை லைனின் முதல் பகுதி 2009இல் திறக்கப்பட்டது. அதன் செடிகளைத் தேர்ந்தெடுத்த பீட் ஔடோல்ஃப், பூவைப் போலவே விதைத்தலைக்கும் காய்ந்த தண்டுக்கும் இடம் கொடுப்பவர். குளிர்காலத்தில் அவை நிற்பது திட்டத்தின் ஒரு பகுதி. அது பிடிக்கவில்லை என்று தாராளமாக எழுதலாம். கவனிக்காமல் விட்டுவிட்டார்கள் என்று எழுதினால்தான் பிழை.

லண்டன் செல்சி மலர்க் கண்காட்சியின் மாதிரித் தோட்டங்களுக்கு அளவுகோலே வேறு. சுமார் 3 வாரங்களில் எழுப்பி, ஒரு வாரம்கூட முழுதாகக் காட்டாமல் பிரித்துவிடுகிறார்கள். சில செடிகளைச் சூட்டில் வைத்து முன்கூட்டியே பூக்க வைக்கிறார்கள். சிலவற்றைக் குளிரில் வைத்துத் தாமதப்படுத்துகிறார்கள். இடைவெளியே தெரியாதபடி நெருக்கி நடுகிறார்கள். வீட்டில் அப்படி நட்டால் இரண்டாம் ஆண்டிலேயே ஒன்றையொன்று அமுக்கிவிடும். அரங்கக் கலையாக அதைப் பாராட்டுங்கள், தப்பில்லை. "உங்கள் வீட்டிலும் செய்யலாம்" என்று மட்டும் முடிக்காதீர்கள்.

செடிப் பெயர்களை வரிசையாக அடுக்கிவிட்டால் விமர்சனம் ஆகிவிடும் என்ற நம்பிக்கையும் பலரிடம் இருக்கிறது. பாதை எங்கே திருப்புகிறது, எதை மறைத்து எப்போது காட்டுகிறது, எங்கே உட்காரத் தோன்றுகிறது என்பதெல்லாம் அந்தப் பட்டியலில் வராது. ஜப்பானின் ரியோவான்-ஜி ஜென் கோயில் தோட்டத்தில் உள்ளவை 15 கற்கள். திண்ணையில் எங்கே உட்கார்ந்து பார்த்தாலும் ஒரு கல்லாவது மறைந்துவிடும். "அமைதியான கல் தோட்டம்" என்று பத்து வரி எழுதுவதைவிட இதைக் கவனித்துச் சொல்வது மேல்.

யார் செய்த வேலை என்று விசாரிக்காமல் எழுதுவதும் உண்டு. தாஜ்மகால் தோட்டத்தில் இன்று நாம் பார்க்கும் திறந்த புல்வெளி பெரும்பாலும் பிரிட்டிஷ் வைஸ்ராய் கர்சன் காலத்து மாற்றம். அதைப் பார்த்து முகலாய ரசனையைப் பற்றிக் கட்டுரை எழுதினால் விமர்சனம் தவறான ஆளிடம் போய்ச் சேரும். பழையது என்பதற்காகவே ஒன்றைக் காப்பாற்றச் சொல்வது இதன் மறுபக்கம். இங்கிலாந்தின் கிரேட் டிக்ஸ்டரில் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்த ரோஜாத் தோட்டத்தை 1993இல் அந்த வீட்டின் உரிமையாளர் கிறிஸ்டோபர் லாயிட் பிடுங்கிவிட்டு வாழையும் கல்வாழையும் நட்டபோது பலருக்குக் கோபம். பழைய வேலிகளுக்கு நடுவே அந்தப் பெரிய இலைகள் எடுபடுகின்றனவா என்பதல்லவா கேட்க வேண்டிய கேள்வி? எனக்கு லாயிட் பக்கம்தான் சாய்வு.

தண்ணீரையும் ஆள்பலத்தையும் கணக்கில் எடுக்காத விமர்சனம் பாதி விமர்சனம்தான். செய்ன் நதியிலிருந்து நீரேற்ற 1684இல் மார்லியில் ராட்சத இயந்திரம் வைத்த பிறகும் பிரான்சின் வெர்சாய் அரண்மனை நீரூற்றுகள் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் ஓட்ட முடியவில்லை. அரசர் நெருங்கும்போது ஊழியர்கள் விசிலடித்து ஒருவருக்கொருவர் சைகை கொடுத்துத் திறந்துவிடுவார்கள். எதிர்த்துருவம் இங்கிலாந்துத் தோட்டக்கலைஞர் பெத் சாட்டோவின் சரளைக்கல் தோட்டம். கார் நிறுத்துமிடமாக இருந்த வறண்ட நிலத்தில் 1990களின் தொடக்கத்தில் போட்டது. செடிகள் வேர்பிடித்த பிறகு அதற்குத் தண்ணீர் பாய்ச்சுவதில்லை என்பதே கொள்கை. புகைப்படத்தில் இந்தச் சாதனை தெரியவே தெரியாது.

சரி, தோட்டக்கலைப் புத்தகங்களுக்கு வருவோம். படம் பளபளப்பாக இருக்கிறது, தாள் கனமாக இருக்கிறது என்று எழுதுவது அச்சகத்துக்கான பாராட்டு. முதலில் எந்தத் தட்பவெப்பத்தில் இருந்துகொண்டு எழுதியது என்று பாருங்கள். லண்டனில் "முழு வெயில்" என்றால் ஒன்று, நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்தில் வேறு. அமெரிக்க நூல்கள் குறிப்பிடும் குளிர்தாங்கு மண்டல எண்ணும் குளிர்காலத்தின் கடுங்குளிரை மட்டுமே வைத்துப் போட்டது. கோடை வெப்பத்தையோ மழையையோ அது சொல்லாது.

அப்புறம், ஒரு நூல் இன்னொரு நூலைப் பார்த்து எழுதியதா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை இருக்கிறது. தொட்டியின் அடியில் சரளைக்கல் போட்டால் நீர் நன்றாக வடியும் என்கிறதா? நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய இடைவெளிகளுக்கு நீர் எளிதில் இறங்காது. மண் முழுக்க ஊறிய பிறகுதான் இறங்கும். ஆக, ஈரம் தங்கும் அடுக்கு வேருக்குப் பக்கமாக மேலேறுகிறது. வீட்டுச் செடிகள் காற்றைச் சுத்தம் செய்யும் என்று நாசா ஆய்வைக் காட்டுகிறதா? 1989இல் வந்த அந்த ஆய்வு மூடிய சிறு அறைகளில் நடந்தது. வழக்கமான காற்றோட்டம் செய்யும் வேலையைச் செடிகள் செய்ய வேண்டுமானால் சதுர மீட்டருக்கு 10 முதல் 1000 வரை வேண்டியிருக்கும் என்று 2019இல் வந்த மறுஆய்வு கணக்கிட்டது. இந்த இரண்டையும் அப்படியே திருப்பிச் சொல்லும் நூலில், நீங்கள் சொந்தமாக வளர்த்து நன்றாக அறிந்த ஒரு செடியின் பக்கத்தைத் திறந்து படியுங்கள். அங்கேயும் பிழை இருந்தால், மற்ற பக்கங்களின் படங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் வாங்கச் சொல்லாதீர்கள்.