முதல் முறை வாடகைக்கு விடும்போது நாம் கோட்டை விடும் இடங்கள்

மடிப்பாக்கத்தில் எங்கள் மாடி வீட்டை முதல் முறையாக வாடகைக்கு விட்டபோது, வந்தவர்களிடம் நான் கேட்ட முதல் கேள்வி "பேமிலியா, பேச்சிலரா?" அடுத்தது, "வெஜ்ஜா, நான்-வெஜ்ஜா?" இரண்டுக்கும் எனக்குப் பிடித்த பதிலைச் சொன்னவருக்குச் சாவியைக் கொடுத்தேன். நாலாவது மாதம் வாடகை நின்றது. என்ன வேலை, மாதம் எவ்வளவு வருகிறது, முந்தின வீட்டை ஏன் காலி செய்தார், எதையுமே நான் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவர் வீட்டில் முட்டை வேகாது என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும்.

பூர்வீகம் எந்த ஊர், குலதெய்வம் எது என்று சுற்றி வளைத்துச் சாதியைத் துழாவுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அது அசிங்கம். தவிர, ஒழுங்காக வாடகை கட்டக்கூடிய பலரை அந்தக் கேள்வியோடு வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுகிறோம்.

வந்தவர் நம்மிடம் என்ன கேட்கிறார் என்பதையும் கவனியுங்கள். குடியிருக்கப் போகிறவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்ப்பார். மெட்ரோ வாட்டரா, போர் தண்ணியா, கோடையில் லாரி வருமா, ஈ.பி. மீட்டர் தனியா என்று நச்சரிப்பார். அந்த நச்சரிப்பு நல்ல அறிகுறி. ஹாலில் நின்றபடியே "பிடிச்சிருக்கு சார், இன்னைக்கே அட்வான்ஸ் போட்டுடறேன்" என்பவரிடம்தான் நிதானம் வேண்டும். உண்மையில் யார் தங்கப் போகிறார்கள், எத்தனை பேர் என்று கேளுங்கள். ஒருவர் பெயரில் எடுத்து எட்டுப் பேரை ஹாஸ்டல் மாதிரி தங்க வைப்பது நடக்கிறது. எழுத்தில் நம் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது என்று சட்டம் சொன்னாலும், விட்டபின் எழுப்புவது லேசுப்பட்ட காரியமில்லை.

வீட்டையே பார்க்காமல் பேசுகிறவர்கள் வேறு ரகம். ஆன்லைனில் விளம்பரம் போட்ட அன்றே போன் வரும். ராணுவத்தில் இருக்கிறேன், சென்னைக்கு மாற்றலாகியிருக்கிறது என்பார். வாட்ஸ்அப்பில் சீருடைப் படம், அடையாள அட்டை எல்லாம் வரும். டோக்கன் அட்வான்ஸ் அனுப்புகிறேன், இந்த கியூஆர் கோடை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள் என்பார். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் தேவையே இல்லை. போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும்.

ஆடி மாதப் பயம் இன்னொன்று. ஆடியில் யாரும் குடி மாற மாட்டார்கள், பலகை தொங்கிக்கொண்டே இருக்கும். அந்தப் பதற்றத்தில் முதலில் வந்தவருக்குத் தூக்கிக் கொடுத்துவிடுகிறோம். ஒரு மாத வாடகை போனால் போகட்டும். ஆறு மாதம் வாடகை தராதவரோடு ஒரே கேட்டுக்குள் இருப்பதற்கு அது எவ்வளவோ மேல்.

விசாரிக்கும்போது இப்போதைய ஹவுஸ் ஓனரை மட்டும் கேட்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தொல்லை விட்டால் போதும் என்றிருப்பவர் தங்கமான மனுஷன் என்றுதான் சொல்வார். அதற்கு முந்தின வீட்டுக்காரரைப் பிடியுங்கள். "அட்வான்ஸில் பெயிண்டுக்கு எவ்வளவு பிடித்தீர்கள்?" என்று கேளுங்கள். உண்மையான ஓனருக்கு அந்தக் கணக்கு நினைவிருக்கும். ஓனர் என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட நண்பர் தடுமாறுவார்.

சம்பளச் சீட்டு இல்லாதவரை உடனே கழித்துவிட வேண்டியதில்லை. கடை வைத்திருப்பவர், டாக்சி ஓட்டுபவர் என்றால் ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம் போதும். ஆதார் நகலை வாங்கி பீரோவில் வைப்பது சரிபார்ப்பு ஆகாது. அசலைப் பாருங்கள், அதிலுள்ள கியூஆர் கோடை ஆதார் செயலியில் ஸ்கேன் செய்தால் பெயரும் படமும் வரும். கடைசி நாலு இலக்கம் மட்டும் தெரியும் ஆதாரைக் கொடுத்தால் சந்தேகப்படாதீர்கள், அதுவும் முறையானதுதான்.

அப்புறம், பால் காய்ச்சும் விஷயம். "வெள்ளிக்கிழமை நல்ல நாள், பால் மட்டும் காய்ச்சிக்கிறோம், அக்ரிமென்ட் அடுத்த வாரம் போட்டுக்கலாம்" என்பார்கள். மறுக்க மனசு வராது. பாலோடு பீரோவும் கட்டிலும் வந்துவிடும், அடுத்த வாரம் வராது. கையெழுத்துக்குப் பிறகுதான் சாவி. 11 மாத அக்ரிமென்டை எழுதி வைத்தால் போதும் என்பதும் பழைய நினைப்பு. 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டு தமிழ்நாடு வாடகைச் சட்டப்படி, எத்தனை மாத ஒப்பந்தமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும். அரசு இணையதளத்திலேயே பதியலாம். காவல் நிலையத்துக்கும் விவரம் கொடுத்துவிடுங்கள். 2012இல் வேளச்சேரியில் வாடகை வீட்டில் இருந்த ஐந்து பேர் வங்கிக் கொள்ளைச் சந்தேகத்தில் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு சென்னை போலீஸ் இதை வற்புறுத்த ஆரம்பித்தது.

பெரிய அட்வான்ஸ் வாங்கிவிட்டால் ஆளை விசாரிக்க வேண்டாம் என்று நினைத்தவன் நான். வேறு விதமாக ஒப்புக்கொள்ளாத வரை மூன்று மாத வாடகைதான் என்கிறது அந்தச் சட்டம். நான் பேசி ஆறு மாதம் வாங்கினேன். வாடகை நின்றபோது அவர் சாவதானமாகச் சொன்னார்: "அட்வான்ஸ்ல கழிச்சுக்கோங்க சார்." அதில் பாதியை நான் ஏற்கெனவே புது மோட்டாருக்குச் செலவழித்திருந்தேன். அந்த மோட்டாரையே நிறுத்திவிடலாமா என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, செய்யவில்லை. தண்ணீரையோ கரண்டையோ நிறுத்தக் கூடாது என்று சட்டத்தில் தெளிவாக இருக்கிறது.

கடைசியாக ஒன்று. மாதச் சம்பளக்காரர் உங்கள் பான் நம்பரைக் கேட்பார். ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டினால் வீட்டு வாடகைப்படிக்கு வரிவிலக்குப் பெற அவருக்கு அது வேண்டும். தர மாட்டேன் என்றால், கணக்கு வழக்கோடு இருக்கிற அந்த ஆள் அடுத்த தெரு வீட்டைப் பார்க்கப் போய்விடுவார்.