டிரைவ் கிடைக்காத காலத்திலும் டிரம் ஓட வேண்டும்

ராணிப்பேட்டையில் ஒரு தோல் கம்பெனியில் மெயின்டெனன்ஸ் பார்க்கிறேன். மார்க்கெட்டில் மெஷின்களுக்கான ஸ்பேர் சாமான் வறண்டுபோகும் நேரத்தில் என்ன செய்யலாம் என்று புதிதாக வரும் பையன்களிடம் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

ஸ்டோர் லிஸ்டை விலை வாரியாகப் பார்ப்பதை முதலில் விடுங்கள். ஒவ்வொரு சாமானுக்கும் எதிரே, அது போனால் எத்தனை மணி நேரம் தாங்குவோம் என்று எழுதுங்கள். தோலைச் சீவி ஒரே கனமாக்கும் ஷேவிங் மெஷின் நின்றால் வேலை தள்ளிப்போகும், அவ்வளவுதான். பதப்படுத்தும் குரோம் மருந்தில் தோல் இருக்கும்போது அதைப் புரட்டும் டிரம், அதாவது சுழலும் பெரிய பீப்பாய், நின்றால் மருந்து ஒரே சீராக ஏறாது, கறை விழும், அந்த லாட் தோல் முழுக்கத் தரம் இறங்கிவிடும். ஆக, டிரம் மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் விஎஃப்டி டிரைவ், கியர்பாக்ஸ் பேரிங், மோட்டாருக்குக் கரன்ட்டை இணைத்துத் துண்டிக்கும் காண்டாக்டர் இவைதான் மேலே வரும். சில நூறு ரூபாய் ரிலேகூட அந்த வரிசையில் ஏறும்.

அடுத்து நேம்பிளேட், அதாவது மெஷின் மேல் விவரம் பொறித்த தகடு. எங்கள் ஊர்த் தொழிலில் சல்ஃபைடு காற்றும் உப்பும் சேர்ந்து அதை அரித்துவிடும். படிக்க முடிகிறபோதே போட்டோ எடுத்து, கடைசி எழுத்து வரை பார்ட் நம்பரைக் குறித்துக்கொள்ளுங்கள். டிரைவின் பாராமீட்டர்களையும் நோட்டில் எழுதுங்கள். புது டிரைவ் வந்தும் செட்டிங் தெரியாமல் முழிப்பது பெரிய கொடுமை.

மாற்று எது என்பதை நல்ல நாளிலேயே முடிவு செய்யுங்கள். பேரிங்கில் கவலை குறைவு. 6309 என்றால் எந்த பிராண்டிலும் உள்விட்டம் 45, வெளிவிட்டம் 100, அகலம் 25 மில்லிமீட்டர்தான். பின்னால் வரும் சி3 (உள் இடைவெளி), இசட்இசட் (இரு பக்கத் தகட்டு மூடி) போன்ற எழுத்துகளை மட்டும் விட்டுவிடாதீர்கள். டிரைவுக்கு குதிரைத்திறனை நம்பாமல் ஆம்பியரைப் பாருங்கள். ஒரு சைஸ் பெரிதாகக் கிடைத்தாலும் வாங்கலாம், மோட்டார் கரன்ட்டைச் சரியாக செட் செய்தால் போதும். டிரைவ் இல்லாவிட்டால் 'ஸ்டார்-டெல்டாவில் ஓட்டிக்கலாமே' என்பார்கள், அது மோட்டார் இணைப்பை மாற்றிக் குறைந்த கரன்ட்டில் கிளப்பும் முறை. ஸ்டாரில் கிளம்பும்போது விசை மூன்றில் ஒரு பங்குதான், லோடு ஏற்றிய டிரம் அசையாமல் போகலாம். காலி டிரம்மில் அல்ல, லோடோடு சோதித்த பிறகே அதை மாற்று என்று எழுதுங்கள்.

டிரைவுக்குள்ளும் இருப்பது சிப்தான், அதனால் 2021-இல் நடந்ததை மறக்கக் கூடாது. பிப்ரவரியில் டெக்சாஸ் பனிப்புயலில் சிப் ஆலைகள் நின்றன, மார்ச்சில் ஜப்பானில் ரெனசாஸ் என்ற சிப் கம்பெனியின் நாகா ஆலையில் தீ. முந்தைய வருடம் ஆர்டரை ரத்து செய்த கார் கம்பெனிகள் எல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்திருந்தன. சிப் கைக்கு வர 20 வாரத்துக்கு மேல் ஆனது. அப்படிப்பட்ட நேரத்தில் எவ்வளவு வாரம் சொன்னாலும் அங்கீகரிக்கப்பட்ட டீலரிடம் ஆர்டர் போட்டு வரிசையில் நில்லுங்கள். ஐந்து பேரிடம் போட்டு நாலைக் கேன்சல் செய்யும் புத்தி வேண்டாம். பஞ்சத்தைப் பெரிதாக்குவதே அதுதான், அடுத்த முறை டீலர் போனையும் எடுக்க மாட்டார்.

நமக்கு ஒரு அதிர்ஷ்டம், சென்னைக்கும் பெங்களூருக்கும் நடுவில் இருக்கிறோம். இரண்டு பக்கமும் ஒரு சப்ளையராவது வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலில் அம்பத்தூர் எஸ்டேட் தண்ணீரில் நின்றபோது சென்னையை மட்டும் நம்பியவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ பெங்களூர் எஸ்பி ரோட்டிலோ ஐஜிபிடி மாட்யூல் (டிரைவுக்குள் கரன்ட்டை வேகமாக ஆன்-ஆஃப் செய்யும் பாகம்) வாங்கினால் கண்ணை நன்றாகத் திறந்து வாங்குங்கள். ஸ்க்ரூ ஓட்டையில் கீறல், அடித்தட்டில் சூடு கடத்தும் பழைய பேஸ்ட் இருந்தால் கழற்றிய சாமான். பஞ்சில் அசிட்டோன் தொட்டுத் தேய்க்கும்போது மேல்பூச்சு கரைந்து வந்தால் மறுபெயின்ட் அடித்தது என்று சந்தேகப்படுங்கள். மீட்டரில் டையோடு டெஸ்ட் பார்க்காமல் பணம் கொடுக்காதீர்கள். முழு அட்வான்ஸ் கேட்டால் ஜிஎஸ்டி நம்பரை போர்ட்டலில் போட்டுப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

பக்கத்து டேனரியில் கடன் வாங்குவதும் ஒரு வழி. மேல்விஷாரம், ஆம்பூர் வரை மெயின்டெனன்ஸ் ஆட்கள் ஒருவரையொருவர் அறிவோம். முதலாளிகளுக்குள் போட்டி இருக்கலாம், எங்களுக்குள் காண்டாக்டர் கைமாற்று நடக்கும். சீட்டு எழுதிக் கொடுங்கள், புது ஸ்டாக் வந்ததும் முதலில் அதைத் திருப்புங்கள்.

ஸ்பேர் டிரைவை வாங்கி அலமாரியில் போட்டால் வேலை முடியவில்லை. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டர் சும்மா கிடந்தே பலவீனமாகும். வருடத்துக்கு ஒரு தடவை கரன்ட் கொடுங்கள். அதற்கு மேல் கிடந்திருந்தால் எடுத்தவுடன் முழு வோல்டேஜ் கொடுக்கக் கூடாது, மேனுவலில் சொன்னபடி வேரியாக் (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர்) வைத்துப் படிப்படியாக ஏற்றுங்கள். வேரியாக் இல்லையா, மோட்டார் ரீவைண்டிங் கடையில் கேட்டுப் பாருங்கள்.