மூன்றாம் வகுப்புக்குக் கவிதை சொல்லிக்கொடுப்பது எப்படி?

கவிதைப் பாடம் என்றாலே அருஞ்சொற்பொருள், மனப்பாடம், ஒப்புவித்தல் என்று போவது எனக்கு ஆற்றாமையைத் தருகிறது. சிறு பிள்ளைகளிடம் கவிதை காது வழியாகத்தான் போய்ச் சேர வேண்டும். கவிமணி தேசிக விநாயகம் பிள்ளையின் (1876–1954) இரண்டு அடிகளே முதல் பாடத்துக்குப் போதும்:

தோட்டத்தில் மேயுது வெள்ளைப்பசு – அங்கே
துள்ளிக் குதிக்குது கன்றுக்குட்டி

1. புத்தகத்தை மூடிவைக்கச் சொல்லுங்கள். நீங்கள் கைதட்டியபடி இருமுறை பாடுங்கள். பிறகு பிள்ளைகள் சேர்ந்து பாடட்டும்.

2. பொருள் சொல்லாதீர்கள். "என்னவெல்லாம் தெரிந்தது?" என்று கேளுங்கள். பாட்டில் இல்லாத வேலியையும் கிணற்றையும் சொல்வார்கள். திருத்த வேண்டாம்.

3. இதுதான் முக்கியமான படி, அவசரப்படாமல் செய்யுங்கள். முதல் அடியை "தோட்டத்தில் வெள்ளைப்பசு மேய்கிறது" என்று கரும்பலகையில் எழுதி, அதே தாளத்தில் பாடச் சொல்லுங்கள். பாட வராது. ஏன் என்று அவர்களே தேடட்டும். சொற்கள் இடம் மாறியதையும் 'மேயுது' நீண்டுவிட்டதையும் யாராவது ஒருவர் கண்டுபிடிப்பார். உரைநடைக்கும் பாட்டுக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிடத் தெளிவாக எந்த வரையறையும் விளக்காது. தொடர்ந்து, இரண்டு அடிகளின் முதல் எழுத்தையும் வட்டமிடச் சொல்லுங்கள்: தோ, து. இரண்டும் தகர வரிசை. மோனை என்ற பெயரை இப்போது சொல்லலாம். ஒலியைக் கேட்ட பிறகு பெயர் எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

4. இனி அவர்களே புதுப் பாட்டுக் கட்டட்டும். தாளம் அதேதான், இடமும் விலங்குகளும் அவை செய்வதும் மட்டும் மாறும். தயங்கினால் ஒன்றைச் செய்துகாட்டுங்கள்:

கூரையில் தூங்குது குண்டுப்பூனை – அங்கே
குடுகுடு ஓடுது சுண்டெலியார்

இருவர் இருவராக உட்கார்ந்து வாயால் பாடிப் பார்த்த பிறகே எழுத வேண்டும். தாளம் இடறினால் சொல்லை மாற்றச் சொல்லுங்கள். எழுத்துப்பிழையை அன்றைக்கு விட்டுவிடுங்கள். சிவப்பு மையைக் கண்ட பிள்ளை அடுத்த முறை தெரிந்த சொற்களை மட்டுமே எழுதும். மதிப்பெண்ணும் வேண்டாம்.

5. எழுதியவர்கள் பாட, வகுப்பு கைதட்டித் தாளம் போடட்டும். கூச்சப்படும் பிள்ளைக்காக அதன் ஜோடி பாடலாம்.

எதுகையை அடுத்த வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இதே பாட்டிலுள்ள 'வெள்ளை', 'துள்ளி' இரண்டிலும் இரண்டாம் எழுத்து 'ள்'. பள்ளி, புள்ளி, வெள்ளி என்று பிள்ளைகள் சேர்க்கும் சொற்களை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அடுத்த பாட்டுக்கு அங்கிருந்தே சொல் எடுப்பார்கள்.