பிளக்-இன் ஹைபிரிடில் காட்டுப்பாதை, கூடாரம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயர் காற்றைக் குறைக்காமல் மணலில் இறங்குவது, துணை வண்டி இல்லாமல் போவது எல்லாம் எந்த வண்டிக்கும் பொது. அவற்றை விட்டுவிடலாம். பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோலிலும் செருகிச் சார்ஜ் ஏற்றிய பேட்டரியிலும் ஓடும் வண்டி, ஓட்டுபவர்கள் மட்டும் செய்கிறவை இவை.

நெடுஞ்சாலையிலேயே பேட்டரியைத் தீர்ப்பது

எத்தனை சொன்னாலும் ஓயாத தவறு இது. இரவெல்லாம் சார்ஜ் ஏற்றி, 100 சதவீதத்தோடு கிளம்பி, வண்டியை ஹைபிரிட் மோடிலேயே விட்டுவிடுகிறார்கள். அந்த மோடு முதலில் மின்சாரத்தைத்தான் தின்னும். ஜீப் ராங்ளர் 4எக்ஸ்இ-யின் பேட்டரி 17.3 யூனிட், மின்சாரத்தில் மட்டும் ஏறக்குறைய 34 கிலோமீட்டர் ஓடும். மலையடிவாரம் வருவதற்குள் அது காலி. பாறையில் ஏறும்போது மிஞ்சுவது, சில நூறு கிலோ கூடுதலாகச் சுமக்கும் ஒரு பெட்ரோல் வண்டி.

கூடுதல் காசு கொடுத்ததே அந்தப் பாறைக்காகத்தான். மின்மோட்டார், வண்டி நின்ற இடத்திலிருந்தே முழு இழுவிசை தரும். ஆக்சிலரேட்டரை லேசாகத் தொட்டால் சக்கரம் சுழன்று நழுவாமல் அங்குலம் அங்குலமாக நகரும். இன்ஜின் இரைச்சல் இல்லாததால் வெளியே நின்று வழிகாட்டுபவரின் குரலும், அடியில் கல் உரசும் சத்தமும் தெளிவாகக் கேட்கும்.

எனவே கிளம்பும்போதே பேட்டரியைச் சேமித்து வைக்கும் மோடைப் போடுங்கள்: ராங்ளரில் ஈ-சேவ், மிட்சுபிஷி அவுட்லேண்டரில் சேவ். அணைத்துக் கிளப்பினால் பழைய மோடுக்கே திரும்பும் வண்டிகள் உண்டு. ஒவ்வொரு முறையும் திரையைப் பாருங்கள். சார்ஜ் போதவில்லை என்றால் சீராக ஓடும் சாலையிலேயே, இன்ஜின் பேட்டரியை நிரப்பும் சார்ஜ் மோடில் ஏற்றுங்கள். கூடாரமடித்த இடத்தில் இன்ஜினை உறுமவிட்டு ஏற்றினால் எரிபொருளும் வீண், பக்கத்துக் கூடாரக்காரரின் தூக்கமும் வீண்.

கூடாரத்துக்கு ஆகும் செலவு குறைவுதான். சராசரியாக 40 வாட் இழுக்கும் சிறு ஃபிரிட்ஜுக்கு நாளுக்கு 1 யூனிட். 1500 வாட் இண்டக்‌ஷன் அடுப்பு அரைமணி நேரம் எரிந்தால் முக்கால் யூனிட். விளக்கும் போனும் சேர்த்தாலும் 2 யூனிட்டுக்குள் முடியும். ஆனால் அவுட்லேண்டர் போல 1500 வாட் சாக்கெட் உள்ள வண்டியில் 2000 வாட் கெட்டிலைச் செருகாதீர்கள்.

மேட்டில் நிற்கும்போது 100 சதவீதம்

இறக்கத்தில் மோட்டார் வேகத்தைப் பிடித்து மின்சாரமாக்கும். பேட்டரி நிறைந்திருந்தால் அதை வாங்க இடமில்லை. பிரேக் சூடாகும். இறங்கும் முன் 10 முதல் 20 சதவீதமாவது காலியாக இருக்கட்டும்.

ஃபிரிட்ஜை 12 வோல்ட் சாக்கெட்டில் விட்டுத் தூங்குவது

வண்டி அணைந்ததும் பெரிய பேட்டரியின் இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதன்பின் ஃபிரிட்ஜ் உறிஞ்சுவது சின்ன 12 வோல்ட் பேட்டரியை. அது செத்தால், பெரிய பேட்டரியில் 80 சதவீதம் இருந்தும் வண்டி எழாது. சில மாடல்களில் அந்தச் சின்ன பேட்டரி டிக்கியில் இருக்கும், டிக்கியோ மின்சாரப் பூட்டு, மின்சாரம் இல்லாமல் திறக்காது. கதவைத் திறக்கும் உலோகச் சாவியும் சிறிய ஜம்ப் ஸ்டார்ட்டரும் டிக்கியில் அல்ல, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

இன்ஜின் தானாக எழும் என்பதை மறப்பது

சாக்கெட்டுக்காக வண்டியை ஆன் செய்தே வைத்தால், சார்ஜ் குறைந்ததும் நள்ளிரவிலும் இன்ஜின் ஓடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது. புகைக்குழாய் பக்கம் கூடாரமோ மூடிய பந்தலோ கூடவே கூடாது.

ஸ்டெப்னி

பல மாடல்களில் கிடையாது. பஞ்சர் கிட் பக்கவாட்டுக் கிழிசலுக்கு உதவாது.