பொட்டலக் கழிவுக்கான பொறுப்பு: கணக்கை எப்படித் தொடங்குவது?

கோலாலம்பூரில் நடப்பிலுள்ள 2007ஆம் ஆண்டுத் திடக்கழிவு, பொதுத் தூய்மை மேலாண்மைச் சட்டத்தின் (சட்டம் 672) 102ஆம் பிரிவு, விற்ற பொருளின் கழிவைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர், இறக்குமதியாளர் முதலியோர்மீது சுமத்த அமைச்சருக்கு அதிகாரம் அளிக்கிறது. ஆகவே, பிரிக்பீல்ட்சில் மசாலைத்தூள் அடைத்து விற்பவர்கூட ஆணை வரும்வரை காத்திராமல் பொட்டல எடையை இப்போதே பதிந்துவர வேண்டும் என்பேன்.

ஒவ்வோர் அளவிலும் பத்துக் காலிப் பைகளை நிறுத்துச் சராசரி கண்டு, மாத விற்பனை எண்ணிக்கையால் பெருக்குங்கள். அட்டைப்பெட்டியைத் தனியே எழுதுங்கள். பை எதனால் ஆனது என்பதைப் பை விற்பவரிடம் எழுத்திலேயே கேட்டு வாங்குங்கள், இதுவே முதன்மையானது. ஏனெனில் உட்புறம் வெள்ளிபோல் மின்னும் பல அடுக்குப் பையைவிட, ஒரே வகைப் பிளாஸ்டிக்காலான பையை மறுசுழற்சி செய்வது எளிது.

பினாங்கு இச்சட்டத்தை ஏற்காத மாநிலம். ஆயினும் அங்கிருந்து தலைநகருக்குச் சரக்கு அனுப்புவோரும் இக்கணக்கை வைத்திருப்பது நல்லது.